பின்வாசல் வழியாக

விசா வந்துவிட்டது உனக்கு, நம்பு.
சாயல்குடி டாஸ்மாக் பாரில்
பத்து ரூபாய் கூடுதல் கொடுத்து வாங்கிய பீர்
வெந்நீராகிக்கொண்டிருக்க
லைப்சிக்கில் எங்கே குடிக்கலாம் என்று கேட்கிறாய்.
நாலு மேசை தள்ளி ஒருத்தன் சிரிக்கிறான்:
'சீனி நைனாகிட்டப் போயி கேக்குறான் பாரு.'

சிரிக்கட்டும்.
ஆறு வருஷம் அந்த ஊருக்குச் சுமந்து போட்டவன் நான்.
ஊறுகாய் பாக்கெட்டைத் தள்ளு.
சிகரெட் அட்டையைக் கிழித்துக் கொடு,
போட்டுக் காட்டுகிறேன்.

இது ரயிலடி.
இங்கே டிராம் திரும்பும், கீச்சென்று.
முதல் கடைக்கு முன்னால் என்ன பெயர் எழுதியிருக்கும்,
எனக்குத் தெரியாது.
பின்னால் வா. பச்சைக் கதவு, தகரம் அடித்தது.
கீழே பதினேழு படி, ஒன்பதாவது பெயர்ந்தது.
முப்பது லிட்டர் பீப்பாயோடு இறங்குகிறவனுக்கு
கடையின் பெயரே அந்த ஒன்பதாம் படிதான்.
நல்ல கடை. படியில் விளக்குப் போட்டிருப்பார்கள்.

இரண்டாவது, கால்வாய் ஓரம்,
மூடிப்போன பஞ்சாலைக்குள்.
தாடி வைத்த மூன்று பேர், அவர்களே காய்ச்சுகிறார்கள்.
மாம்பழம் போடுவார்கள், காப்பிக்கொட்டை போடுவார்கள்,
ஒரு தடவை ஏதோ மரத்தின் இலையை.
கரும்பலகையில் இருபது பெயர், வாரம் ஒருமுறை அழிப்பு.
இங்கே கம்பி வலைக்குள் கையை விட்டு
'அண்ணே, இருக்குறதக் குடுங்க' என்பாயே,
அங்கே அது செல்லாது.
எது வேண்டும் என்று கேட்பார்கள்.
உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
காய்ச்சி எடுத்த சக்கை தொட்டியில் கிடந்து ஆவி விடும்,
கேப்பைக்கூழ் வாசம்.
ஜனவரியில் அதன்மேல் கையை விரித்தபடி நிற்பேன்.

மூன்றாவதை விடு.
காலி பீப்பாய்க்குக் கணக்குத் தரமாட்டான்.

ஒரு பெருநாளில் மாமா போனில் கேட்டார்,
'அந்தக் காசுலயா எனக்குச் சட்ட எடுத்தே?'
தோளுக்குத்தான் கூலி வாங்கினேன் மாமா,
நாக்குக்கு இல்லை என்றேன்.
சட்டையை அவர் போட்டாரா என்று
இன்னும் நான் கேட்கவில்லை.

நாலாவது இதோ, இந்த மூலை.
வட்டம் போடுகிறேன்.
உட்டே என்று ஒரு அம்மாள்.
அவள் காய்ச்சுவது உப்பு பீர்.
வாயை மூடு, ஈ போகும்.
உப்பேதான். கொத்தமல்லி விதையும்.
மூட்டையை இறக்கும்போது ஓரம் கிழிந்து கொட்டியது.
வலிநோக்கத்துக் கை சும்மா இருக்குமா,
ஒரு கல்லெடுத்து வாயில் போட்டேன்.
கசந்தது.
இது கடைசித் தண்ணீரில் வாரின உப்பு,
முன்னாலேயே வாரியிருக்க வேண்டும் என்று
எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் சொன்னேன்.
அவள் உப்பைப் பார்த்தாள்.
என் உள்ளங்கையைப் பார்த்தாள்.
மறுவாரம் மேசைமேல் மூன்று கிண்ணம், மூன்று உப்பு.
நடுக்கிண்ணத்தைத் தொட்டுக் காட்டினேன்.

அதற்குப் பிறகு நாலு வருஷம்
அந்தத் தெரு குடித்த பீருக்கெல்லாம்
உப்புப் பார்த்தவன் நான்.
வேலை முடிந்ததும்
பீர் கிளாஸில் ஆப்பிள் சாறு ஊற்றி
சுவரோரம் உட்காரச் சொல்லுவாள்,
நுரை இல்லாததை யாரும் கேட்காத இடமாக.
முன்வாசல் எனக்குத் தெரிந்த கடை
அது ஒன்றுதான்.

பார், சிந்திவிட்டாய்.
டிராம் பாதை கரைகிறது.
பரவாயில்லை, வட்டம் நிற்கிறது.
பைக்குள் வை.

ஒரே ஒரு காரியம், அப்பு.
அங்கே போய் ஒன்று வாங்கிக் குடி.
குடித்துவிட்டு எனக்குப் போன் போடு,
எந்த நேரமானாலும் சரி.
கச்சான் காற்றில் பாத்தியில் மணி கேட்காது,
எடுக்கவில்லை என்றால் திரும்பப் போடு.
எனக்காக நல்லா இருக்குன்னு சொல்லாதே.
உப்பு கூடவா, குறைவா,
அதை மட்டும் சொல்லு.